கேக் வாசம் வீசும் கறுப்பு பியர்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி, ஆவணி மாதங்களில் ரொறன்ரோ, லண்டன், பரிஸ் என்று பல பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர் வந்திறங்குவார்கள். அவர்களின் பெட்டிக்குள் சொக்லேற், சவர்க்காரத்தோடு இப்போது இன்னொன்றும் வருகிறது: கேக், டோனட், தேங்காய் என்று படம் போட்ட சின்ன ரின். உள்ளே இருப்பது கெட்டியான கறுப்பு பியர். பேஸ்ரி ஸ்ரவுட் என்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது. இந்தப் பக்கமும் அவர்களுக்கானது அல்ல.

பேஸ்ரி ஸ்ரவுட் என்பது என்ன? சாதாரண ஸ்ரவுட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஸ்ரவுட் என்பது கருக வறுத்த தானியம் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு பியர். எல்லாருக்கும் தெரிந்தது கின்னஸ். அதன் டிராஃப்ட் வகையில் மதுசாரம் 4.2 வீதம்தான், இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. அதற்கு மேலே இம்பீரியல் ஸ்ரவுட் என்று ஒரு படி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் திரேல் பியர் ஆலை ரஷ்ய அரசவைக்குக் கப்பலில் அனுப்பிய வலுவான கறுப்பு பியரின் வாரிசு அது.

அந்த இம்பீரியல் ஸ்ரவுட்டுக்குள் வனிலா, கொக்கோ, தேங்காய், கறுவா, கோப்பி, மேப்பிள் பாகு, பால்சீனி என்று ஒரு பலகாரக்கடையையே இறக்கினால் பேஸ்ரி ஸ்ரவுட். 2010களில் அமெரிக்காவில் சூடுபிடித்து ஐரோப்பாவுக்கும் பரவியது. சுவீடனின் ஒம்னிபொலோ தன் பியர் ஒன்றுக்கு ‘நோவா பிக்கான் மட் கேக்’ என்றே பெயர் வைத்தது. பேஸ்ரி ஸ்ரவுட் என்ற பெயர் முதலில் கிண்டலாகத்தான் வந்தது. பிறகு காய்ச்சுகிறவர்களே அதை ரின்னில் அச்சடித்து விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

மச்சான் கொண்டுவந்த ரின்னில் 12 வீதம் என்று போட்டிருக்கு. இது பியரோ சாராயமோ?

பியர்தான். வடித்து எடுத்ததல்ல, நொதிக்கவைத்ததுதான். ஆனால் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்ப்பது நல்லது. 330 மில்லிலீற்றர் ரின்னில் 12 வீதம் என்றால் உள்ளே ஏறக்குறைய 40 மில்லிலீற்றர் தனி மதுசாரம். எங்கள் பெரிய லாகர் (வழமையான வெளிர் நிற பியர்) போத்தல் 625 மில்லிலீற்றர், 4.8 வீதம். அதில் இருப்பது 30 மில்லிலீற்றர். ஆக, கைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன ரின் ஒரு பெரிய போத்தலையும் இன்னொரு போத்தலில் மூன்றில் ஒன்றையும் சேர்த்ததற்குச் சமம். 33 வீதச் சாராயத்தில் பார்த்தால் கால் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு.

பிரச்சினை என்னவென்றால், இனிப்பு மதுசாரத்தை மறைத்துவிடும். சாராயம் தொண்டையை எரித்து ‘மெதுவாகக் குடி’ என்று சொல்லும். இது அப்படி ஒன்றும் சொல்லாது. மூன்று நான்கு பேர் பகிர்ந்து குடிப்பதற்கென்றே செய்ததாக இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியே முழு ரின்னையும் முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவது சரிவராது.

கறுப்பு நிறத்துக்குச் சாயம் போடுகிறார்களா?

தேவையில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மோல்ட்டை, கோப்பிக்கொட்டை வறுப்பதுபோல் சுழலும் உருளையில் 200 பாகை செல்சியசுக்கு மேல் வறுப்பார்கள். 1817இல் டானியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் இந்த உருளை வறுப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் கொஞ்ச வறுத்த மோல்ட்டை வைத்துக்கொண்டு முழுப் பியரையும் கறுப்பாக்க முடிந்தது. இன்றைக்கும் ஒரு கறுப்பு பியரில் போகும் தானியத்தில் பெரும்பகுதி வெளிர் நிற மோல்ட்தான். கருகியது பத்தில் ஒரு பங்கு, கூடினால் இன்னும் கொஞ்சம்.

நிறத்தைப் பார்த்து வலுவை முடிவுசெய்ய வேண்டாம். கின்னஸ் கறுப்பு, ஆனால் எங்கள் லாகரைவிட மெல்லியது.

இவ்வளவு இனிப்பு எங்கிருந்து வருகிறது? சீனி கொட்டுகிறார்களா?

சீனி கொட்டினால் இனிப்பு வராது என்பதுதான் வேடிக்கை. சாதாரணச் சீனியை மதுவம், அதாவது ஈஸ்ற், முழுதாகத் தின்று மதுசாரமாக்கிவிடும். பனஞ்சாறு கள்ளாகும்போது இனிப்பு எங்கே போகிறது என்று பாருங்கள், அதே கதை. பியரில் இனிப்பு மிஞ்ச வேண்டுமானால் மதுவம் தின்ன முடியாத எதையாவது கொடுக்க வேண்டும், அல்லது தின்று களைக்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் செய்கிறார்கள். மோல்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது வெப்பத்தைச் சற்றுக் கூட்டினால் மதுவத்துக்குச் செமிக்காத நீண்ட மாச்சக்கரைகள் கூடுதலாக வரும். பிறகு அந்தச் சாற்றை மணித்தியாலக் கணக்கில் கொதிக்கவைத்து வற்றச் செய்வார்கள். அதோடு பால்சீனி, அதாவது லக்டோஸ். பியர் மதுவத்தால் அதைத் தொடவே முடியாது. லக்டோஸ் சாதாரணச் சீனியின் இனிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்றாலும் வாயில் ஒரு வழுவழுப்பைத் தரும். பழைய ஆங்கில ‘மில்க் ஸ்ரவுட்’டின் உத்தி அது.

அளந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால், நொதித்து முடிந்த லாகர் 1.010 அளவில் நிற்கும். பேஸ்ரி ஸ்ரவுட்டுகள் 1.040ஐயும் தாண்டி நிற்பதுண்டு. ஒரு லீற்றரில் 100 கிராமுக்கு மேல் கரைந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

உண்மையான கேக்கையே போடுகிறார்களா?

சிலர் போடுகிறார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும். சுவைக்கு அது பெரிதாக உதவுவதில்லை, மாவும் சீனியும் நொதித்துப் போய்விடும். உண்மையில் வேலை செய்வது நொதித்து முடிந்த பியரில் ஊறவைக்கும் வனிலாக் காய், உடைத்த கொக்கோ விதை, வறுத்த தேங்காய்த் துருவல், கோப்பிக்கொட்டை போன்றவைதான். மலிவாகச் செய்கிறவர்கள் எசன்ஸ் ஊற்றுவார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே வருகிறது.

எந்தக் கிளாஸ், எவ்வளவு குளிர்?

அடியில் அகன்று வாயில் குறுகிய பிராண்டி கிளாஸ் இருந்தால் அது. இல்லாவிட்டால் சின்னத் தேத்தண்ணிக் கிளாஸ் போதும். சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் தெரியாது, வாசமும் கெடும். பிளாவில் ஊற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்கிற ரசிகர்களுக்கு: ஓலையின் பச்சை வாசம் கள்ளுக்குச் சிறப்பு, வனிலாவை அது தின்றுவிடும்.

கிளாஸ் கழுவியிருந்தால் போதாது, மணக்கவும் கூடாது. மீன்கறிச் சட்டியோடு ஒன்றாகக் கழுவிய கிளாசில் சவர்க்கார வாசமும் மீன் வாசமும் மெல்லியதாக நிற்கும். வெறும் கிளாசை ஒருக்கால் மணந்து பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி ஊற்றுங்கள்.

குளிர் விசயத்தில்தான் எங்கள் ஊரில் பெரிய தகராறு. பியர் என்றால் ஐஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். லாகருக்கு அது சரி. இதை 4 பாகையில் குடித்தால் தெரிவது இனிப்பும் கசப்பும் மட்டும்தான், காசு கொடுத்து வாங்கிய மற்ற வாசமெல்லாம் உறங்கும். 10 முதல் 14 பாகை நல்லது. ஐரோப்பியர் இதற்கு அரை மணித்தியாலம் வெளியே வைக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் எங்கள் விறாந்தையில் அவ்வளவு நேரம் வைத்தால் ரசம்போல் சூடாகிவிடும். பிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். ஐஸ்கட்டி ஒருபோதும் போடாதீர்கள்.

சரி, ஊற்றியாச்சு. எப்படிச் சுவைப்பது?

முதலில் ரின்னைச் சுற்றிப் படியுங்கள். முன்பக்கத்துப் படம் விளம்பரம், விசயம் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கிறது: மதுசார வீதம், லக்டோஸ் அல்லது ‘பால் அடங்கியுள்ளது’ என்ற குறிப்பு, ‘வனிலா’ என்றிருக்கிறதா ‘வனிலா ஃபிளேவரிங்’ என்றிருக்கிறதா, அடியில் அச்சடித்த திகதி. நிறைய ரின்களில் திகதி அடித்தட்டில்தான் இருக்கும், கவிழ்த்துப் பார்க்க வேண்டும், அதுவும் ஊற்றுவதற்கு முன்.

ஆளுக்கு 80 மில்லிலீற்றர் அளவில் ஊற்றுங்கள். கிளாசைக் கொஞ்சம் சரித்து, மெதுவாக. அடியில் வண்டல் இருந்தால் கடைசி வாயை ரின்னிலேயே விட்டுவிடலாம். நுரை பழுப்பாக, கோப்பிநிறத்தில் எழும்பும், சில வேளை ஒரு நிமிடத்திலேயே அடங்கிவிடும். பயப்பட வேண்டாம். மதுசாரம் கூடினாலே நுரை நிற்காது, கொக்கோவிலும் தேங்காயிலும் இருக்கும் எண்ணெய் அதை இன்னும் உடைக்கும். கிளாசை ஒரு சுழற்றுச் சுழற்றினால் உட்சுவரில் பழுப்பு நிறமாக ஒட்டி மெதுவாக இறங்கும். அந்த வேகத்தைப் பார்த்தே பியர் எவ்வளவு கெட்டி என்று தெரிந்துகொள்ளலாம்.

மூக்கை உள்ளே புதைக்காதீர்கள், மதுசாரம் ஏறி மூக்கு மரத்துவிடும். இரண்டு விரல் தூரத்தில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, சின்னச் சின்னதாக முகருங்கள். முதலில் வருவது எப்போதும் மேலே போட்ட சாமான்: வனிலா, தேங்காய், கறுவா. ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப முகர்ந்தால் அதற்குக் கீழே இருக்கும் பியர் வரும், கருகிய தானியம், பாகு.

முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். இரண்டாவது வாயை நாக்கில் பரவவிட்டு, விழுங்கிய பிறகு மூக்கால் மூச்சை விடுங்கள். வாசத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. பிறகு பேசாமல் அரை நிமிடம் இருங்கள். இனிப்பு முதலில் போகும். அது போன இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இந்தப் பியரின் முழு வழக்கும்.

இடையிடையே தண்ணீர். சோடா வேண்டாம், வெறும் தண்ணீர். கிணற்றுத்தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் பகுதி என்றால் போத்தல் தண்ணீரை எடுங்கள்.

எனக்கு ‘நல்லா இருக்கு’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வருவதில்லை. என்ன சுவைகளைத் தேடுவது?

வெளிநாட்டு விமர்சனங்களில் மார்ஷ்மெலோ, கிரஹாம் பிஸ்கட், பிக்கான் என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் அவற்றைத் தின்று வளரவில்லை. எங்கள் அடுப்படியில் இருப்பதை வைத்துத் தேடினால் சட்டென்று பிடிபடும்.

பனங்கட்டியைத் தேடுங்கள், அதுவும் பாகு காய்ச்சும்போது அடிப்பிடிக்கத் தொடங்கும் நேரத்து வாசத்தை. நல்ல இம்பீரியல் ஸ்ரவுட்டில் அது கட்டாயம் இருக்கும். எள்ளுப்பாகு, அதில் எள் ஒரு நிறம் கூடக் கருகியிருந்தால் வரும் கசப்பு. கொத்தமல்லி சேர்த்து வறுத்த கோப்பித்தூள். கிறிஸ்மசுக்குச் செய்து பேப்பரில் சுற்றி வைக்கும் ரிச் கேக், பிளம்சும் பிராண்டியும் ஊறிய பக்கம். தொதலின் ஓரம், எண்ணெய் கக்கிய தேங்காய்ப்பால். வறுத்த தேங்காயின் இனிப்பு, சம்பலின் பச்சைத் தேங்காய் அல்ல. சில பழைய பீப்பாய்ப் பியர்களில் பினாட்டின் புளிப்பும் பிசுக்கும்கூடத் தட்டுப்படும்.

ஒன்றைப் பிடித்தால் போதும், மற்றவை தானாக வரும். நான்கு பேர் இருந்தால் ஆளுக்கொன்று சொல்லட்டும், ஒருவர் சொன்ன பிறகு மற்றவருக்கும் அது தெரியத் தொடங்கும். ‘எனக்கு நல்லெண்ணெய் மணக்குது’ என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

நல்லதையும் கூடாததையும் எப்படிப் பிரிப்பது?

என் அளவுகோல் ஒன்றுதான்: இனிப்பைத் தாங்குவதற்குக் கீழே கசப்பு இருக்கிறதா? கருகிய மோல்ட்டும் ஹொப்சும் (பியரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஒரு கொடியின் பூ) தரும் கசப்பு இனிப்புக்குக் கீழே ஒரு தரை போட்டுக் கொடுக்கும். அது இருந்தால் 80 மில்லிலீற்றர் முடிந்த பிறகும் இன்னொரு வாய் கேட்கும். அது இல்லாவிட்டால் மூன்றாவது வாயிலேயே திகட்டி, கிளாசை மெதுவாகப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவீர்கள். விலை உயர்ந்த ரின்களில் நிறைய இந்த இரண்டாவது வகை. காய்ச்சுகிறவருக்குக் கை வந்துவிட்டதா என்பது எதைச் சேர்த்தார் என்பதில் தெரியாது, எவ்வளவில் நிறுத்தினார் என்பதில் தெரியும்.

எசன்ஸ் ஊற்றியது என்றால் வாசம் மூக்கில் பெரிதாக இருக்கும், வாயில் இருக்காது. பிறந்தநாள் கேக் ஐசிங்கின் வாசம்போல் ஒரே தட்டையாக, முதல் நொடிக்கும் பத்தாவது நொடிக்கும் மாற்றமில்லாமல் நிற்கும். உண்மையான வனிலாக் காயில் கொஞ்சம் மரவாசமும் புகையிலை வாசமும் கலந்திருக்கும்.

மற்றக் குறைகளில் அடிக்கடி வருவது சோயா சோஸ் சுவை. வெயிலில் அல்லது நீண்டகாலம் கிடந்து கெட்டது. நனைந்த மட்டைப்பெட்டி வாசமும் அதே குடும்பம். பச்சைக் கறிமிளகாய் வாசம் வந்தால் அது கோப்பி சேர்த்த பியரில் கோப்பி செய்த வேலை, சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். நகப்பூச்சு நீக்கி வாசம் வந்தால் நொதித்தலில் பிழை. புளித்துப்போயிருந்தால் தொற்று, ஊற்றிவிடுங்கள்.

கள்ளுக் குடித்துப் பழகினவருக்கு இது பிடிக்குமா?

பாதிப் பேருக்குப் பிடிக்காது, அதில் வியப்பும் இல்லை. கள்ளில் புளிப்பும் உயிர்ப்பும் இருக்கும், காலையில் இறக்கியதும் பின்னேரம் குடிப்பதும் ஒன்றல்ல. இது அசையாத பானம், மாதக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும். தவறணையில் ஒரு போத்தல் கள்ளை வைத்துக்கொண்டு கதைக்கிறவரிடம் 80 மில்லிலீற்றரை நீட்டினால் ‘இதென்ன, பாணி மருந்தோ’ என்றுதான் கேட்பார். ஆனால் சாப்பிட்ட பிறகு ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்து வெறுங்கோப்பி குடிக்கிற பழக்கம் உள்ளவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள்தான் இதற்கு உரிய ஆட்கள்.

எதோடு சாப்பிடுவது?

இனிப்புப் பியரோடு இனிப்பு வைப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. பாயசம், ரசவள்ளிக்கிழங்குக் களி, சீனி அரியதரம் எல்லாம் இதோடு வீண், ஒன்றை ஒன்று தட்டையாக்கிவிடும். இனிப்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் வெறும் வனிலா ஐஸ்கிறீம், ஏனென்றால் குளிரும் பாலும் கசப்பை வெளியே கொண்டுவரும். அல்லது இனிப்புக் குறைந்த பயத்தம் பணியாரம். வறுத்த பயற்றின் வாசம் வறுத்த மோல்ட்டோடு கைகோக்கும்.

என் தெரிவு உப்பும் மென்மையும்தான். உப்புக் கச்சான். உப்புப் போட்டு வறுத்த கஜு. எல்லாவற்றுக்கும் மேலாகப் புழுக்கொடியல், கூடவே ஒரு தேங்காய்ச்சொட்டு. ஒடியலின் மெல்லிய கசப்பும் நாரும் வாயைத் துடைத்துக் கொடுக்கும், தேங்காய் பியருக்குள் இருக்கும் தேங்காயை எழுப்பும். இதை ஒரு ரின்னோடு மென்று பார்த்தவர்கள் பிறகு சொக்லேற்றைத் தேடுவதில்லை.

சாப்பாட்டோடு என்றால் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்த ஆட்டிறைச்சிப் பிரட்டல். எங்கள் வறுத்த கறித்தூளின் கருகல் இந்தப் பியருக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் உறைப்பைக் குறைக்க வேண்டும், 12 வீத மதுசாரம் மிளகாய் எரிவைத் தூண்டிவிடும். நண்டுக்கறி, கூழ், மீன் பொரியல் எதற்கும் இது பொருந்தாது. அங்கே லாகரே போதும்.

எங்கள் லயன் ஸ்ரவுட்டை இதனோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், அதில் எங்களுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. லயன் ஸ்ரவுட் 8.8 வீதம். நுவரெலியாவில் தொடங்கி, 1990களின் இறுதியில் பியகமவுக்கு இடம்மாறிய ஆலையின் பியர். பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (பாடகர் அல்ல, இவர் வேறு ஆள்) இங்கே வந்து குடித்துப் பார்த்து, உலகமெங்கும் அதைப் பாராட்டி எழுதினார். அமெரிக்காவின் பியர் நடுவர் சான்றிதழ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வகைப்படுத்தலில் ‘டிராபிக்கல் ஸ்ரவுட்’ என்று தனிப் பிரிவு வைத்தபோது, உதாரணங்களில் ஒன்றாக லயனையும் ஜமேக்காவின் டிராகன் ஸ்ரவுட்டையும் போட்டது. வெப்பநாடுகளில் பிறந்த இந்த வகைக்கு இனிப்பும் பழவாசமும் இயல்பு. யாரும் வனிலா போட்டு வந்ததல்ல.

பேஸ்ரி ஸ்ரவுட் ஊற்றும் நாளில் பக்கத்தில் ஒரு கிளாஸ் லயனையும் வையுங்கள். சொக்லேற், காய்ந்த பிளம்ஸ், கொஞ்சம் பாகு, எல்லாம் மோல்ட்டிலிருந்தும் மதுவத்திலிருந்தும் வந்தவை. அதைக் குடித்துவிட்டு மற்றதைக் குடித்தால், எது பியர், எது மேலே பூசியது என்று உடனே பிரித்தறியலாம். பல பேஸ்ரி ஸ்ரவுட்டுகள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

யாழ்ப்பாணத்தில் வாங்கலாமா?

லயன் ஸ்ரவுட் அனுமதிபெற்ற மதுபானக் கடைகளில் கிடைக்கும், போயா போன்ற சில நாட்களில் கடை பூட்டு. வெளிநாட்டுப் பேஸ்ரி ஸ்ரவுட்டை யாழ்ப்பாணக் கடைத்தட்டில் தேடி அலைய வேண்டாம். வருகிறவர்கள் கையில்தான் வரும். கொண்டுவரச் சொல்வதென்றால் கைப்பையில் அல்ல, ஏற்றும் பெட்டியில், ஒவ்வொரு ரின்னையும் பொலித்தீன் பையில் கட்டி, உடுப்புக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். சுங்க வரம்பை அவர்கள் புறப்பட முன்னரே பார்த்துக்கொள்ளட்டும்.

‘பேர்பன் பீப்பாயில் வைத்தது’ என்றால் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பெரும்பாலும் கொடுக்கலாம். அமெரிக்கச் சட்டப்படி பேர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக் மரக் கலத்தில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒருதரம் பாவித்த நல்ல பீப்பாய்கள் வெளியே வந்துகொண்டே இருக்கும். 1990களில் சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் அப்படியான பீப்பாயில் இம்பீரியல் ஸ்ரவுட்டை ஊற்றி வைத்து ‘பேர்பன் கவுன்றி’ என்று வெளியிட்டது, மற்றவர்கள் அந்த வழியில் வந்தார்கள். கருகிய ஓக் மரமே வனிலா, தேங்காய் வாசங்களைத் தரும் என்பதால், வெளியிலிருந்து ஒன்றும் போடாமலே பலகாரச் சுவை வந்துவிடும். எனக்குப் பிடித்த இனிப்புக் கறுப்பு பியர்கள் அநேகமாக இந்தப் பக்கத்தவைதான்.

நல்லூர்த் திருவிழா நேரம் ரின் வந்து சேர்ந்தது. எவ்வளவு நாள் வைக்கலாம்?

வருடாவருடம் வரும் கேள்வி. வெளிநாட்டு விடுமுறையும் நல்லூரும் ஒரே காலத்தில் வருவதால், வீட்டில் மச்சம்கூடச் சமைக்காத 25 நாளில்தான் ரின்கள் வந்து பிரிட்ஜில் குந்தியிருக்கும். அம்மாவின் கண்ணில் படாமல் கீரைக்குப் பின்னால் ஒளித்து வைப்பது வேறு விசயம். திருவிழா முடியும்வரை வைப்பதால் பியருக்கு ஒன்றும் ஆகாது.

பிரிட்ஜில் என்றால் ஒரு வருடம்கூட நிற்கும். ஆனால் ‘வைக்க வைக்க நல்லது’ என்ற கதையை இதற்குப் பொருத்த வேண்டாம். வலுவான வெறும் இம்பீரியல் ஸ்ரவுட் வருடக்கணக்கில் முதிரும். கோப்பி, தேங்காய், வனிலா வாசங்கள் ஆறு மாதத்திலிருந்தே மங்கத் தொடங்கும், மிஞ்சுவது இனிப்பு மட்டும். அறை வெப்பத்தில், அதுவும் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே அலுமாரிக்குள் வைத்தால் சில மாதத்தில் சோயா சோஸ்தான். பழக்கூழ் சேர்த்த ரின்னை வெப்பத்தில் வைக்கவே கூடாது. உள்ளே திரும்ப நொதித்து ரின் ஊதும், வெடிக்கவும் செய்யும்.

நீரிழிவு, ஒவ்வாமை இருப்பவர்கள்?

நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடாமல் இருப்பதே நல்லது. ஒரு ரின்னில் 350 கலோரிக்கு மேல் இருப்பது சாதாரணம், மதுசாரமும் மாச்சக்கரையும் சேர்ந்து. பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்கு லக்டோஸ் அதே வேலையைக் காட்டும். கச்சான், பாதாம், பிக்கான் சேர்த்த வகைகள் நிறைய உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் சின்ன எழுத்தைப் படித்த பிறகே வாயில் வைக்கட்டும். பால்கூடச் சேர்க்காமல் தாவர உணவு மட்டும் உண்பவர்களும் லக்டோசைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் காய்ச்சலாமா?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம். இல்லை.

வெளிநாட்டு ரின் கிடைக்கவில்லை. லயனை வைத்து ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, வடித்து, தேன் பதத்துக்குப் பாகு காய்ச்சி ஆறவையுங்கள். 100 மில்லிலீற்றர் லயன் ஸ்ரவுட்டுக்கு அரைத் தேக்கரண்டி பாகு, ஒரு தேக்கரண்டி கடும் கோப்பிச் சாயம். பாகையும் கோப்பியையும் கிளாசில் முதலில் ஊற்றி, அதன் மேல் பியரை மெதுவாக இறக்க வேண்டும். மாறிச் செய்தால் நுரை பொங்கி மேசை முழுதும் போகும். பாகை இதைவிடக் கூட்டாதீர்கள். பனங்கட்டியில் சுண்ணாம்பின் சாயல் கொஞ்சம் இருக்கும், கூடினால் அது மேலே வந்துவிடும்.

ரின்னில் பாதி மிஞ்சிவிட்டது. என்ன செய்வது?

வாயு முதலே குறைவு என்பதால், சின்னப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி பிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் இரவுவரை தாங்கும். அதற்கு மேல் போனால் சமையலறைக்கு. ரிச் கேக்குக்குப் பிளம்சும் கஜுவும் ஊறவைக்கும்போது பிராண்டியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாம், கேக்கின் நிறமும் ஆழமாகும். ஐஸ்கிறீமின் மேல் நேரடியாக இரண்டு மேசைக்கரண்டி ஊற்றலாம். அடுப்பில் வைத்து வற்றவைத்துப் பாகாக்க மட்டும் முயல வேண்டாம். தண்ணீர் போகப் போகக் கசப்பு ஏறி, கடைசியில் சட்டியைத் தேய்க்கிற வேலைதான் மிஞ்சும்.